அந்த ‘இரைச்சல்’ என் அப்பா

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையத்தில் கிடைக்கும் பழைய கச்சேரிப் படங்களைப் பற்றிச் சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் மூன்றாவதாகச் சொல்லியிருந்த சுவாமி புறப்பாட்டுப் படத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். “1970-களில் எடுக்கப்பட்ட அபூர்வ நாகஸ்வரப் பதிவு. பின்னணியில் விடாமல் கேட்டுக்கொண்டிருந்த இரைச்சலை முற்றிலும் நீக்கித் தந்திருக்கிறார்கள்” என்று எழுதியிருந்தீர்கள். இரண்டே வரி, அதில் இரண்டு தப்பு. படம் 1970-களில் எடுத்ததில்லை. நீக்கியது இரைச்சலும் இல்லை. அது ஒத்து, நாகஸ்வரத்துக்குச் சுருதி பிடிக்கும் குழல். ஊதியவர் என் அப்பா.

நான் தபால் ஆபீஸில் 38 வருடம் வேலை பார்த்து 2019-ல் ஓய்வு பெற்றவள். மாயவரத்தில் இருக்கிறேன். (மயிலாடுதுறை என்று எழுத வேண்டும், தெரியும். பேர் மாறி நாற்பது வருடம் ஆகியும், அந்தப் பேரில் தினம் சீல் குத்தின எனக்கே வாயில் மாயவரம்தான் வருகிறது.) ராத்திரி சாப்பாடு முடிந்து பாத்திரம் கவிழ்த்தானதும், பேரன் கழித்துக் கட்டிய போனில் யூடியூபில் நாயனம் கேட்பது என் வழக்கம். சுவாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் ‘மல்லாரி’யைத் தேடுவேன். அது தன் இஷ்டத்துக்கு எதையாவது கொண்டுவந்து கொட்டும். போன புரட்டாசியில் ஒரு ராத்திரி அப்படி வந்ததுதான் இந்தப் படம். பதினோரு நிமிஷம் நாற்பது விநாடி. அப்போது அதைப் பார்த்திருந்தவர்கள் மொத்தம் அறுபது பேர்கூட இல்லை.

முதலில் ஒன்றும் புரியவில்லை. ஒரே இருட்டு, நடுவில் நாலு வெளிச்சம். கேமரா திரும்பும்போதெல்லாம் பெட்ரோமாக்ஸ் விளக்குகள் வால் முளைத்தது மாதிரி நீண்டு இழுபட்டன. அந்தக் காலத்துக் கேமராக்களுக்கு அப்படி ஒரு குணம் உண்டாம். சப்பரத்தின் ஓரத்தில் பூச்சரம் தெரிந்தது. பிறகு கோபுர வாசல்படி. அந்தப் படியைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். குத்தாலம் பக்கத்தில் எங்கள் ஊர்க் கோயில். இடது பக்கக் கல்லில் ஒரு மூலை உடைந்திருக்கும். சின்ன வயசில் அங்கே உட்கார்ந்துதான் சுண்டல் தின்போம்.

மல்லாரியின் கடைசிப் பகுதி ஓடிக்கொண்டிருந்தது. வித்வான், பக்கத்தில் இரண்டாம் நாயனம், இரண்டு தவில், தாளம் போடும் ஒரு பையன். வித்வானின் வலது தோளுக்குப் பின்னால், பாதி விளக்கிலும் பாதி இருட்டிலுமாக, கன்னம் இரண்டும் உப்பி, கண் மட்டும் வித்வானின் விரல்மேல் வைத்தபடி அப்பா.

அப்பா 1991-ல் போனார். வீட்டில் அவர் படம் என்று இருப்பது ஒன்றே ஒன்று. ஒரு கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோ. அதில் முன்னால் நின்றவரின் தவில் அப்பாவின் வாயையும் தாடையையும் மறைத்திருக்கும். அவர் அசைவதை முப்பத்துச் சொச்சம் வருடம் கழித்து அந்த ராத்திரிதான் பார்த்தேன். துண்டைத் தோளில் தள்ளிவிட்டுக்கொள்கிறார். கொசுவை விரட்டத் தலையை ஆட்டுகிறார். இதையெல்லாம் செய்யும்போதும் கன்னம் இறங்கவில்லை.

மல்லாரி முடிந்து, தெருவில் இறங்கி, வித்வான் காம்போதி ராகத்தை எடுக்கிறார். ஆறு நிமிஷம் முப்பத்தெட்டாவது விநாடியில் வாயில் வைத்து ஊதும் சீவாளி கோளாறு செய்கிறது. அவர் நாயனத்தை இறக்கி, தொங்கும் கொத்திலிருந்து வேறொன்றைத் தேடுகிறார். ராகம் வாசிக்கும் நேரம், தவில்காரர்கள் சும்மா இருக்கிறார்கள். முறைப்படி இரண்டாம் நாயனம் விட்ட இடத்தைத் தொடுக்க வேண்டும். அவர் அந்த நேரம் பார்த்து வெற்றிலைச் சாற்றைத் துப்பக் குனிந்திருந்தார். ஆக, வித்வான் மறுபடி வாயில் வைக்கிறவரை பதினோரு விநாடி, ஒத்து ஒன்றுதான் கேட்கிறது.

முதலில் எங்கோ பக்கத்துத் தெருவில் கேட்பது மாதிரி லேசாக இருக்கிறது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி வந்து திரை முழுக்க நிரம்புகிறது. அப்பா பலமாக ஊதியதால் இல்லை. அவர் கன்னம் அதே அளவில்தான் இருக்கிறது. கும்பகோணத்தில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்யும் என் அக்கா மகனிடம் கேட்டேன். “சித்தி, அந்தக் காலத்துக் கேமரா மைக் தானாவே சத்தத்தை ஏத்தி எறக்கும். நாயனம் ஊதறப்ப காதைப் பொத்திக்கும். நாயனம் நின்னா, வேற என்ன கேக்குதுன்னு காதைத் திறந்துக்கிட்டே போகும்” என்றான். அந்த மைக் காதைத் திறந்துகொண்டபோது கேட்டதற்கு எங்கும் ரெகார்டு கிடையாது. ஒத்துக்கு யார் இசைத்தட்டு போட்டார்கள்?

ஒத்து தெரியாத வாசகர்கள் இருப்பார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். பார்வைக்கு நாயனம் மாதிரியே, அதைவிட நீளமாக இருக்கும். விரல் வைக்கத் துளை கிடையாது. அடிப்பக்கம் நாலைந்து துளை மட்டும் இருக்கும். அவற்றை மெழுகால் அடைத்தும் திறந்தும் நாயனத்தோடு சுருதி சேர்ப்பார்கள். சேர்த்த பிறகு வேலை ஒன்றுதான்: ஷட்ஜத்தை, அதாவது ‘ஸ’வை, விடாமல் பிடித்திருப்பது. மூக்கால் மூச்சை இழுத்துக்கொண்டே கன்னத்தில் அடக்கிய காற்றை வெளியே தள்ள வேண்டும். சத்தம் இழையாக இருக்க வேண்டும், அறுந்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அப்பா பப்பாளிக் காம்பைச் சொம்புத் தண்ணீரில் விட்டு, குமிழி நிற்காமல் ஊதிப் பழகினவர். எனக்கும் அக்காவுக்கும் அது விளையாட்டு. எங்களால் பத்து எண்ணுகிறவரைகூட முடியாது. மெழுகைப் பல்பொடி டப்பாவில் வைத்திருப்பார். மிட்டாய் என்று நினைத்து நான் அதைத் தின்றதும், அன்று சாயங்காலம் கச்சேரிக்கு மெழுகு இல்லாமல் அவர் தேன் எடுக்கிறவர் வீட்டுக்கு ஓடியதும் எங்கள் வீட்டில் தீராத கதை.

சம்பளம்? பெரிய நாயனத்துக்கு நூறு வந்தால் ஒத்துக்குப் பத்து வரும். அதைவிட எனக்கு உறுத்தினது வேறு. “மேனேஜருக்கு ஒத்து ஊதறான்”, “அவன் சும்மா ஜால்ரா” என்று ஆபீஸில் தினம் யாராவது யாரையாவது சொல்வார்கள். ஒரு செட்டில் பின்னால் நிற்கிற இரண்டு பேரின் வேலையும் நம் மொழியில் வசவாகிவிட்டது. 38 வருடமும் அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் நான் லெட்ஜரைப் பார்த்துக் குனிந்துகொள்வேன். அப்பாவிடம் ஒரு தடவை சொன்னேன். “ஊதிப் பாக்கச் சொல்லு” என்றார், அவ்வளவுதான்.

இனி நீங்கள் பாராட்டிய ‘மெருகேற்றிய’ படத்துக்கு வருகிறேன்.

நான் பார்த்தது அசல். உங்கள் கட்டுரைக்கு ஒரு மாதம் முன்பு அசல் காணாமல் போய், அதே இடத்தில் புதுப் பதிவு வந்திருந்தது. ஓடவிட்டேன். படத்தில் தெளிவு கூடியிருக்கிறது, மறுக்கவில்லை. உடைந்த கல் மூலைகூட நன்றாகத் தெரிகிறது. ஆறு முப்பத்தெட்டு வந்தது. வித்வான் நாயனத்தை இறக்கினார். சத்தமே இல்லை. அப்பா கன்னத்தை உப்பிக்கொண்டு நிற்கிறார், பதினோரு விநாடி, ஊமையாக. போன்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தேன்.

படத்தைப் போட்டவருக்கு எழுதினேன். வெளிநாட்டில் இருக்கிறார். படம் எடுத்தது அவருடைய தகப்பனார். சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது கேமராவைத் தோளிலும் ரெக்கார்டரை இடுப்பிலும் மாட்டிக்கொண்டு எடுத்திருக்கிறார். மகன் மரியாதையாகவே பதில் போட்டார். “அம்மா, அது ஜெனரேட்டர் சத்தம். டியூப்லைட் வண்டி பின்னாலேயே வருது பாருங்க.” ஜெனரேட்டர் ரெண்டரைக் கட்டையில் ஷட்ஜம் பிடிக்குமா தம்பி என்று கேட்டேன். அதற்குப் பிறகு போனிலேயே பேசினோம். அவர் செய்தது இதுதான். இரைச்சல் நீக்கும் சாப்ட்வேருக்கு, எது இரைச்சல் என்று முதலில் ஒரு மாதிரி காட்ட வேண்டுமாம். மற்ற சத்தம் எதுவும் இல்லாத இடமாக இருந்தால் நல்லது. அதைப் பாடம் செய்துகொண்டு, அந்த ஒலி படத்தில் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் அது கழித்துவிடும். “நாயனம் நிக்கிற எடம் ஒண்ணு வசமா கிடைச்சுது. பதினோரு செகண்டு. அதைத்தான் மாதிரியா காட்டினேன்” என்றார்.

அப்பா தன் வாழ்நாளில் தனியாக வாசித்தது அந்தப் பதினோரு விநாடிதான். அதை எடுத்துக் காட்டி, இவரைப் படம் முழுக்கத் தேடி அழித்துவிடு என்று சொல்லியிருக்கிறார்கள். அதுவும் சொன்னபடி செய்திருக்கிறது. ஒரே அளவில், ஏற்ற இறக்கம் இல்லாமல், ஆரம்பத்திலிருந்து கடைசி வரை கேட்கிற ஒலி எதுவோ அதுதான் அதன் கணக்கில் இரைச்சல். ஒத்து நன்றாக ஊதியிருந்தால் அப்படித்தானே இருக்கும்? அப்பா நடுவில் நாலு இடத்தில் மூச்சு வாங்கி அறுத்திருந்தால் கொஞ்சம் மிஞ்சியிருப்பார்.

இதில் நஷ்டம் அப்பாவுக்கு மட்டுமில்லை, வித்வானுக்கும்தான். அசலையும் இதையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். (அசலைப் பேரன் இறக்கி வைத்திருந்தான், பென்டிரைவில் அனுப்பியிருக்கிறேன்.) வித்வான் காம்போதியில் சுற்றிவிட்டு ஷட்ஜத்தில் வந்து நிற்கும் இடமெல்லாம் நாயனம் மெலிந்து, மூக்கடைத்தது மாதிரி ஆகிவிடுகிறது. ஒத்தும் நாயனமும் ஒரே சுருதி. ஒன்றைச் சுரண்டினால் மற்றதன் தோலும் உரிந்துதான் வரும். உங்கள் கட்டுரையாளர் இதைக் கேட்டுவிட்டு “கம்பீரம்” என்று எழுதியிருக்கிறார். அசலைக் கேட்டிருந்தால் என்ன எழுதியிருப்பாரோ.

வருஷ விஷயம். படத்தில் தேதி இல்லை. ஆனால் அப்பாவின் இடது மணிக்கட்டில் எச்.எம்.டி. வாட்ச் இருக்கிறது. 1981-ல் என் முதல் சம்பளத்தில் நான் வாங்கிக் கொடுத்தது. சட்டையில்லாத உடம்பில் அது ஒன்றுதான் பளபளக்கிறது. 1986-ல் அவருக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது, அதற்குப் பிறகு சோடாபுட்டி கண்ணாடி இல்லாமல் வாசல்கூட இறங்கமாட்டார். படத்தில் கண்ணாடி இல்லை. ஆகவே இரண்டுக்கும் நடுவில். திருத்தம் போடும்போது ‘1980-களின் முன்பாதி’ என்று போடலாம்.

பேர் விஷயம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். கட்டுரையில் வித்வான் பேர் ஏழு இடத்தில் வருகிறது. தவில்காரர்கள் ‘குழுவினர்’ ஆகிவிட்டார்கள். வித்வான் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அப்பாவுக்கு அவர் தெய்வம். இருந்தாலும் இந்தக் கடிதத்தில் அவர் பேரை நான் ஒரு தடவைகூட எழுதவில்லை. பேர் இல்லாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்கட்டுமே.

சினிமாவில்கூட இதைவிட நியாயம் நடந்திருக்கிறது. 1962-ல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’யில் திரையில் நாயனம் பிடித்தவர் ஜெமினி கணேசன், ஊதினவர் காருகுறிச்சி அருணாசலம். 1968-ல் ‘தில்லானா மோகனாம்பா’ளில் சிவாஜிக்காக வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். படத்தில் வாயசைத்தவர்கள் வேறு என்றாலும் ஊதினவர்கள் பேரை ஜனங்கள் மறக்கவில்லை. அப்பாவுக்கு இது தலைகீழ். உருவம் இருக்கிறது, பேர் இல்லை, இப்போது சத்தமும் இல்லை. பேரும் விலாசமும் தெரியாத தபாலை நாங்கள் குப்பையில் போடமாட்டோம். ஆர்.எல்.ஓ. என்று ஓர் ஆபீஸ் இருந்தது. அங்கே அனுப்பினால் கவரைப் பிரித்து, உள்ளே ஏதாவது துப்பு கிடைக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்த அளவு சிரத்தையாவது வேண்டாமா?

நான் தேடினேன். இதற்கு முன்மாதிரியும் உண்டு என்பது தேடப் போன இடத்தில்தான் தெரிந்தது. ஆர்னால்ட் பாகே என்ற டச்சு அறிஞர் 1938-ல் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகத்தில் சுற்றி, நம் பாட்டையும் கூத்தையும் பதிவு செய்திருக்கிறார். படம் ஊமைப் படம், ஒலி தனி. நசீர் ஜெய்ராஸ்பாய், ஏமி காட்லின் என்ற இரண்டு இசை ஆய்வாளர்கள் 1984-ல் அந்தப் பதிவுகளோடு அதே பக்கங்களுக்குத் திரும்பப் போய், அப்போது பாடினவர்கள், ஆடினவர்கள் வழி வந்தவர்களைத் தேடி விசாரித்திருக்கிறார்கள். 46 வருடம் கழித்து! எனக்கும் கிட்டத்தட்ட அதே இடைவெளி. எனக்கு ஜீப் இல்லை, போன் இருந்தது. மூன்று வாரத்தில் ஐந்து பேர் கிடைத்தார்கள். வலது பக்கத் தவில்காரரின் மனைவிக்கு வயது 84. போனை முகத்துக்கு நேரே பிடித்தோம். முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. கை கிட்டத்தில் வந்தபோது, “சுண்டுவிரல்ல கூடு போடாம இருக்காரு பாரு, அங்க ஒரு காயம்” என்றார். (தவில் வாசிக்க விரலில் மாட்டும் உறைதான் கூடு.) இரண்டாம் நாயனக்காரரை அவர் பேரன் அடையாளம் காட்டினான். அந்த வெற்றிலையை வைத்து என்று நினைக்கிறேன், சிரித்துக்கொண்டே சொன்னான்.

ஐந்து பேரையும் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். பத்திரிகையில் போட வேண்டாம், இரண்டு வீட்டில் இன்னும் சம்மதம் கேட்கவில்லை. கேட்டதும் படத்தின் அடியில் போடச் சொல்லியிருக்கிறேன். அதுதான் அவை இருக்க வேண்டிய இடம்.

படம் போட்டவரிடம் கேட்டது இரண்டு. அசலைத் திரும்பப் போடுங்கள், மெருகேற்றியது பக்கத்திலேயே இருந்துவிட்டுப் போகட்டும். யோசிப்பதாகச் சொன்னார். அசல் அறுபது பேர் பார்த்தது, இது ஆயிரக்கணக்கில் ஓடுகிறது, “சத்தம் காதைக் குத்துது” என்று எழுதினவர்களும் உண்டு, அவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. அவர் பரணில் ஏறியிராவிட்டால் இந்தப் பதினோரு நிமிஷமே ஏது? இரண்டாவது, கேசட். கம்ப்யூட்டரில் ஏற்றியாகிவிட்டது, இனி எதற்கு என்று தூக்கிப் போட இருந்தாராம். கையைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். நம் ஊர் ஈரத்தில் வி.எச்.எஸ். நாடாவில் வெள்ளைப் பூஞ்சை பிடிக்கும், தெரிந்தவர் கையில் கொடுத்தால் துடைத்துவிடலாம். போட்டுப் பார்க்கிற மெஷின்தான் அருகிக்கொண்டே வருகிறது. கடைசியாக வி.சி.ஆர். செய்துகொண்டிருந்த ஜப்பான் கம்பெனி 2016-லேயே நிறுத்திவிட்டது. நாகஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை கதாநாயகனாக நடித்த ‘காளமேகம்’, 1940-ல் வந்த படம், அதற்கே இன்று பிரதி கிடைக்கவில்லை என்கிறார்கள். எங்கள் ஊர்ப் புறப்பாட்டுக் கேசட்டுக்கு யார் பொறுப்பு?

இப்போது பென்டிரைவில் இருப்பதைப் பேரன் காதில் மாட்டிக்கொண்டு கேட்கிறான். “ஆச்சி, தாத்தா எங்க மூச்சு விடுறாருன்னே தெரியலையே” என்றான்.

தங்களிடம் கேட்பது ஒன்று. ஆறு பேர் கொண்ட செட்டில் ஐந்து பேர் கிடைத்துவிட்டார்கள் என்றேன். ஆறாவது, தாளம் போட்ட பையன். பன்னிரண்டு வயசு இருக்கும். நீல டவுசர், சட்டை இல்லை, நெற்றி நிறைய விபூதி, இடது முழங்காலில் துணிக் கட்டு. இரண்டு நிமிஷம் ஐம்பதாவது விநாடியில் பெட்ரோமாக்ஸ் அவன் முகத்துக்கு நேரே வருகிறது. தூக்கம் சொக்குகிறது, ஆனால் தாளம் விடவில்லை. எங்கள் ஊர்ப் பையன் இல்லை, வெளியூர் ஆள் யாரோடோ வந்திருக்க வேண்டும். இப்போது ஐம்பது வயசுக்குக் குறையாது. அந்தக் காலத்தில் குத்தாலம், ஆடுதுறை, நரசிங்கம்பேட்டைப் பக்கம் சிறுவனாகத் தாளம் போட்டவர் யாராவது இதைப் படித்தால், அல்லது அவர் வீட்டார் படித்தால், பத்திரிகை விலாசத்துக்கு ஒரு கார்டு போடச் சொல்லுங்கள். எனக்குத் திருப்பி அனுப்பத் தபால்தலை ஒட்டிய கவர் உள்ளே வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒத்துக்காரர் மகள்,
மயிலாடுதுறை